சப்பாத்துத் துடைத்த சிறுவனும் நூறு டொலர்ப் பாட்டும்

2019 ஏப்ரல் 1, திங்கட்கிழமை. சுவிஸின் ஒரு நகரத்தில், ஒரு உணவகத்தின் நிலக்கீழ்ச் சமையலறை. மத்தியானச் சாப்பாட்டுக்காக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். எங்களோடு கோப்பை கழுவும் எரித்திரிய நண்பர் வேலைக்கு வந்து அரை மணித்தியாலமாகியும் மெசினைப் போடவில்லை. கைத்தொலைபேசியைப் பார்த்தபடியே நின்றார்.

"என்ன?" என்று கேட்டோம்.

"எங்கட பெடியனைச் சுட்டுப்போட்டாங்கள்."

அவர் சொன்னது எங்களுக்கும் அவருக்கும் பொதுவான அரைகுறை டொச்சில். எங்கள் காதுக்கு அது இப்படித்தான் கேட்டது. தம்பியா என்றோம். இல்லை. மச்சானா? இல்லை. அமெரிக்காவில் பாடுகிறவன் என்றார். இன்றைக்கு ஏப்ரல் முதலாம் திகதியல்லவா, யாராவது பகிடி விட்டிருப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தோம். அவர் தலையை ஆட்டிவிட்டு மெசினைப் போட்டார். அன்று இரவுவரை பேசவேயில்லை.

அந்தச் சமையலறையில் நாங்கள் மூன்று தமிழர்கள். இதை எழுதுவது எங்களில் ஒருவரின் கை என்றாலும் கதைத்ததும் தேடியதும் தர்க்கம் பண்ணியதும் மூவரும்தான். மூவரில் எவருக்கும் படிப்பு முடியவில்லை. ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடியுமுன்பே நாட்டைவிட்டு வெளிக்கிட்டவர். மற்ற இருவருக்கும் அந்த வாசல்கூடக் கிடைக்கவில்லை. றாப் என்பது எங்களுக்கு அதுவரை பஸ்ஸின் பின்சீற்றில் பிள்ளைகள் கேட்கும் சத்தம், அவ்வளவுதான். ஆனால் ஒரு அகதி இன்னொரு கண்டத்தில் வாழ்ந்த, தான் கண்ணாலும் காணாத ஒருவனை 'எங்கட பெடியன்' என்று சொல்லி வாய்பேசாமல் நின்றால், அந்தப் பெடியன் யார் என்று அறியாமல் விட முடியுமா?

அவர் பெயர் எர்மியாஸ் ஜோசப் அஸ்கெடொம். உலகம் அறிந்த பெயர் நிப்ஸி ஹஸ்ஸில். வயது 33. முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், லொஸ் ஏஞ்சல்ஸில் தனது சொந்தக் கடையின் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வறுமையில் பிறந்தான், கஷ்டப்பட்டான், முன்னேறினான் என்ற கதைக்கு எம்மவர் மத்தியில் ஒருநாளும் குறைவிருந்ததில்லை. கோயில் மலர்களிலும் பழைய மாணவர் சங்க மலர்களிலும் நாம் வாசித்து அலுத்த கதை. அதில் கஷ்டம் என்பது ஏதோ பசளை மாதிரியும், போட்டால் பிள்ளை தானாக வளர்ந்துவிடும் என்பது மாதிரியும் எழுதியிருப்பார்கள். கஷ்டம் அநேகமாக ஆட்களைக் கொல்கிறது என்பதை அகதிகளாகிய எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்படியென்றால் எர்மியாஸிடம் வேறு என்ன இருந்தது? இதுதான் எங்கள் கேள்வி.

*

கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும். 1973 ஆகஸ்ட் 11. நியூயோர்க்கின் பிராங்ஸ் பகுதியில் செட்விக் அவெனியூ 1520ஆம் இலக்க அடுக்குமாடி. அதன் கீழ்த்தளப் பொது அறையில் ஒரு சிறிய ஆட்டக் கொண்டாட்டம். ஒழுங்கு செய்தவள் சிண்டி காம்ப்பெல் என்ற பள்ளி மாணவி. பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறது, புது உடுப்பு வாங்கக் காசு வேண்டும் என்பதுதான் நோக்கம். பெண் பிள்ளைகளுக்கு 25 சதம், ஆண் பிள்ளைகளுக்கு 50 சதம் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டுப் போட்டவர் அவளுடைய அண்ணன் கிளைவ் காம்ப்பெல். பின்னாளில் கூல் ஹேர்க் என்று அறியப்பட்டவர். ஜமெய்க்காவின் கிங்ஸ்ரனில் பிறந்து 12 வயதில் அமெரிக்கா வந்த குடிபெயர்ந்த வீட்டுப் பிள்ளை. ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழலிகளில் போட்டு, பாட்டில்லாமல் தாளம் மட்டும் வரும் துண்டை மாறி மாறி நீட்டினார். அந்த நீட்டிய தாளத்தின்மேல் ஒலிவாங்கியில் பேசிய பேச்சிலிருந்து வளர்ந்ததுதான் றாப்.

பிராங்ஸ் அப்போது எப்படி இருந்தது? பெருந்தெரு போடுவதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டிருந்தன. எஞ்சிய கட்டடங்கள் பல 1970களில் எரிந்தன. ஆக, இடம்பெயர்க்கப்பட்டவர்களின் பிள்ளைகள், குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகள், இருந்த சாமானை வைத்து உண்டாக்கிய கலை இது. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாத வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் கசற் கேட்ட பிள்ளைகள் நாங்கள். இசைத்தட்டைக் கையால் பின்னுக்கு இழுத்த அந்தப் பெடியளை விளங்கிக்கொள்ள எங்களுக்கு நீண்ட நேரம் எடுக்கவில்லை.

ஆனால் கலை ஓரிடத்தில் பிறக்கிறது. காசு வேறோரிடத்தில் சேர்கிறது. 1979இல் முதல் றாப் இசைத்தட்டுகள் வெளிவந்தபோது அவற்றை வெளியிட்டவை பெரும்பாலும் சிறிய சுயாதீனக் கம்பனிகளே. ஆனால் கம்பனி சுயாதீனமானது என்பதால் பாடியவன் சுயாதீனமானவன் ஆகிவிடவில்லை. தங்கள் பாட்டு உலகமெல்லாம் ஓடியும் தங்களுக்கு உரிய காசு வரவில்லை என்று அந்தத் தலைமுறையில் பலர் பின்னர் சொன்னார்கள். 'சுயாதீனம்' என்ற சொல்லை அதனால்தான் கவனமாகப் பாவிக்கவேண்டியிருக்கிறது.

*

எர்மியாஸ் 1985 ஆகஸ்ட் 15இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தார். எங்களுக்கும் அவருக்கும் சில வயதுதான் வித்தியாசம். தாய் கறுப்பு அமெரிக்கர். தந்தை எரித்திரியப் போரிலிருந்து தப்பி வந்தவர். பெற்றோர் பிரிந்தபின் தாயும் பாட்டியுமே பிள்ளைகளை வளர்த்தார்கள். வளர்ந்தது நகரின் தெற்கே கிரென்ஷோ வீதியும் ஸ்லோசன் வீதியும் சந்திக்கும் சுற்றாடலில்.

அந்தச் சுற்றாடலின் வரலாறு ஒரு பிள்ளையின் தலையெழுத்து அல்ல, மனிதர் செய்தது. தென் மாநிலங்களின் நிறவெறியிலிருந்து தப்பி வேலை தேடி மேற்கே வந்த கறுப்பு மக்களுக்கு, அந்த நகரின் பல பகுதிகளில் வீடு விற்கக்கூடாது என்று உறுதிகளிலேயே எழுதியிருந்தார்கள். அப்படியான நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று உயர்நீதிமன்றம் சொன்னதே 1948இல்தான். பிறகு தொழிற்சாலைகள் ஓரளவு வாழ்வு கொடுத்தன. அவையும் போயின. பக்கத்து சவுத் கேற்றிலிருந்த ஃபயர்ஸ்ரோன் ரயர்த் தொழிற்சாலை 1980இலும், ஜெனரல் மோட்டோர்ஸ் கார்த் தொழிற்சாலை 1982இலும் மூடப்பட்டன. வேலை போன இடத்துக்குக் கிறாக் என்ற போதைப்பொருள் வந்தது. அதற்குப் பின்னால் சட்டம் வந்தது. 1986ஆம் ஆண்டின் சட்டப்படி 5 கிராம் கிறாக் விற்றவனுக்குக் கிடைத்த அதே ஐந்து வருடக் குறைந்தபட்சத் தண்டனைக்கு, பணக்காரரின் வெள்ளைத் தூள் கொக்கெயின் 500 கிராம் வேண்டும். ஒன்றுக்கு நூறு! 2010இல்தான் இந்த விகிதம் குறைக்கப்பட்டது. இதற்கிடையில் ஒரு தலைமுறைத் தகப்பன்மார் சிறைக்குள் போய்விட்டார்கள். 1992 ஏப்ரலில் றொட்னி கிங்கை அடித்த பொலிஸார் விடுவிக்கப்பட்டபோது நகரம் எரிந்தது. 63 பேர் இறந்தார்கள். எர்மியாஸுக்கு அப்போது ஆறு வயது.

11 வயதில் அவர் சப்பாத்துத் துடைத்தார். ஒரு சோடிக்கு இரண்டரை டொலர். பள்ளிக்கூடத்துக்கு உடுப்பு வாங்குவதற்காக என்று பின்னர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிண்டி காம்ப்பெலின் அதே பள்ளி உடுப்பு! உதிரிப்பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கணினியைப் பூட்டி அதில் பாட்டுப் பதிவுசெய்யப் பழகினார். உயர்பள்ளியை முடிக்கவில்லை. பதின்ம வயதிலேயே அந்தத் தெருக்களை ஆண்ட றோலின் சிக்ஸ்ரீஸ் என்ற குழுவில் சேர்ந்தார். இதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை, வீரமாகவும் சோடிக்கவில்லை. எங்கு பிறந்தேனோ அங்கு அதுதான் இருந்தது என்ற மாதிரித்தான் சொன்னார். எங்கள் ஊரில் பதினைந்து பதினாறு வயதில் பெடியள் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று தெரிந்த எங்களுக்கு இதில் நீதிபதியாக இருக்க என்ன தகுதி இருக்கிறது?

*

2004இல், 18 வயதில், எர்மியாஸ் தந்தையோடும் அண்ணன் சமியெலோடும் எரித்திரியா போனார். மூன்று மாதம் நின்றார். ஜனாதிபதி கறுப்பர், பொலிஸ் கறுப்பர், கடை முதலாளி கறுப்பர். தன்னைப் போன்ற முகங்கள் ஒரு நாட்டையே நடத்துவதைக் கண்டது தன்னை மாற்றியது என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தவர் தெருவில் நிற்பதைவிடச் சொந்தமாக ஒன்றை நிறுத்தவேண்டும் என்ற யோசனையோடு வந்தார். அடுத்த வருடம், 2005இல், 'ஸ்லோசன் போய்' என்ற முதல் தொகுப்பைத் தானே வெளியிட்டார்.

எரித்திரியா என்ற பெயர் எங்களில் எவருக்கும் புதிதல்ல. 1961இலிருந்து 1991வரை முப்பது வருடம் போராடி, 1993இல் சுதந்திரம் பெற்ற நாடு. எங்கள் சிறுவயதில் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் உதாரணமாகக் காட்டப்பட்ட நாடு. அதே நாட்டிலிருந்து தப்பி வந்தவர்தான் எங்களுக்குப் பக்கத்தில் கோப்பை கழுவுகிறார். 2001 செப்டெம்பரில் அங்கே சீர்திருத்தம் கேட்ட மூத்த தலைவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். தனியார் பத்திரிகைகள் மூடப்பட்டன. பதினெட்டு மாதம் என்று சட்டத்தில் இருந்த கட்டாய தேசிய சேவை முடிவில்லாத சேவையாகியது. எர்மியாஸ் விடுதலையைக் கண்டு பரவசப்பட்ட அந்த வருடங்களில்தான் அவருடைய வயதுப் பெடியள் இரவிரவாக எல்லை கடந்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சொன்னபோது எரித்திரிய நண்பர் கோபப்படவில்லை. "அவன் லீவில வந்தவன். லீவில வாறவனுக்கு நாடு வடிவாய்த்தான் தெரியும்" என்றார். பிறகு, "ஆனால் அவனுக்கு அது உதவினதுதானே" என்றார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கோடை விடுமுறைக்கு நல்லூர்த் திருவிழா பார்த்துவிட்டு வந்து நாட்டு நிலைமை சொல்லும் எம்மவர்களை நினைத்துக்கொண்டோம். ஒரே நாடு ஒருவனுக்குச் சிறையாகவும் இன்னொருவனுக்கு நிமிர்வாகவும் இருக்க முடிகிறது. இரண்டும் உண்மைதான்.

*

இனி, சுயாதீனம் என்றால் என்ன என்ற விஷயத்துக்கு வருவோம்.

பெரிய இசைக் கம்பனி ஒன்று பாடகனுடன் ஒப்பந்தம் செய்யும்போது முற்பணம் கொடுக்கும். பத்திரிகையில் பெரிதாக வருவது இந்தத் தொகைதான். ஆனால் அது சம்பளமல்ல, கடன். ஒலிப்பதிவுச் செலவும், ஒப்பந்தத்தைப் பொறுத்து வீடியோ, விளம்பரச் செலவுகளும் பாடகனின் கணக்கில் ஏறும். விற்பனையில் அவனுக்கு உரிய சிறு வீதத்திலிருந்து இவையெல்லாம் கழிந்து முடியும்வரை அவன் கையில் காசு வராது. சரி, கடன் கட்டி முடிந்தது என்று வையுங்கள். மூலப்பதிவு அவனுடையதா? வழமையான ஒப்பந்தத்தில் இல்லை. அது கம்பனிக்கே சொந்தம். காணியை ஈடு வைத்து, வட்டியும் முதலும் கட்டி முடித்த பின்னும் உறுதி ஈடு பிடித்தவன் பெயரிலேயே இருந்தால் எப்படியிருக்கும்? அதேதான். ஏஜென்சிக் காசு கட்டி முடிக்க ஐந்து வருடம் கோப்பை கழுவிய எங்களுக்கு இந்தக் கணக்கு ஒரே தடவையில் விளங்கிவிட்டது.

இதற்கு மாற்று வழியை எர்மியாஸ் கண்டுபிடிக்கவில்லை. கலிபோர்னியாவில் அது முன்பே இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஓக்லாந்தில் ரூ ஷோர்ட் என்ற பாடகர் கசற்றுகளைத் தானே பதிந்து தெருவில் விற்றார். வலேஹோவில் ஈ-40 தனது உறவினரோடு சேர்ந்து சொந்த நிறுவனம் வைத்துக் காரின் பின்டிக்கியிலிருந்து விற்றார். மாஸ்ரர் பி, தாத்தாவின் மரணத்தின்பின் கிடைத்த 10,000 டொலரைக் கொண்டு றிச்மண்டில் ஒரு இசைத்தட்டுக் கடை போட்டார். அந்தக் கடையின் பெயரிலேயே நிறுவனம் வளர்த்து, 1996இல் ஒரு விநியோகக் கம்பனியோடு மூலப்பதிவுகளைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு ஒப்பந்தம் செய்தார். அடுத்த தலைமுறைக்கு இவர்கள் விட்டுப்போனது பாட்டை மட்டுமல்ல, இந்த வழிமுறையையும்தான். எங்கள் ஊரில் சீட்டுப் பிடிக்கும் முறை தாயிடமிருந்து மகளுக்கு வந்த மாதிரி.

எர்மியாஸும் ஸ்லோசன் சந்தியில் காரின் பின்டிக்கியிலிருந்துதான் தொடங்கினார். பிறகு எபிக் என்ற பெரிய கம்பனியோடு சேர்ந்தார். அங்கே ஒரு முழுத் தொகுப்புக்கூட வெளிவராமலே 2010இல் விலகினார். அந்த வயதில், அந்தத் தெருவில், பெரிய கம்பனியைவிட்டு வெளியே வருவதென்பது சின்ன விஷயமல்ல. அதே வருடம் டிசம்பரில் சொந்த நிறுவனத்தின் பெயரில் 'த மரதன்' என்ற தொகுப்பை இணையத்தில் இலவசமாக விட்டார். மரதன் என்றால் நீண்ட ஓட்டம். அந்தச் சொல்லைத்தான் பின்னர் கடைக்கும் வைத்தார்.

*

2013 ஒக்ரோபர் 8. 'கிரென்ஷோ' என்ற தொகுப்பு. இணையத்தில் யாரும் இலவசமாக இறக்கலாம். அதே நேரம் 1000 குறுந்தட்டுகள் மட்டும் அடித்து, ஒன்று 100 டொலர் என்று விலை வைத்தார். சிரித்தார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு யார் 100 டொலர் கொடுப்பான்? ஒரு நாளுக்குள் ஆயிரமும் முடிந்தன. ஜேய்-சீ என்ற பெரும் பாடகர் மட்டும் 100 பிரதிகள் வாங்கினார். கையில் ஒரு லட்சம் டொலர். இடையில் எவனுமில்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதை அறிந்தபோது எங்கள் சமையலறையில் கரண்டி ஒரு நிமிடம் நின்றது. ஜோனா பெர்கர் என்ற பேராசிரியர் 2013இல் எழுதிய ஒரு சந்தைப்படுத்தல் புத்தகத்தில் ஒரு உணவகக் கதை வருகிறது. பிலடெல்பியாவில் மாட்டிறைச்சியும் சீஸும் வைத்த பாண் தெருவெல்லாம் நாலைந்து டொலருக்கு விற்கும். அங்கே புதிதாகத் திறந்த ஒரு உணவகம் அதே பாணை உயர்ந்த இறைச்சியும் சிங்கறாலும் வைத்து, ஒரு சிறு போத்தல் ஷம்பெயினோடு 100 டொலருக்குப் போட்டது. ஊரெல்லாம் அதே கதை. உயர்பள்ளி முடிக்காத எர்மியாஸ் இந்தப் புத்தகத்தை வாசித்துவிட்டுத்தான் பாட்டுக்கு நூறு டொலர் வைத்தார். அடுத்த வருடக் கடைசியில் இன்னொரு தொகுப்பை 100 பிரதி மட்டும் அடித்து, ஒன்று 1000 டொலர் என்றார்.

நாங்கள் உணவகத்துக்காரர். ஒரு தட்டுச் சாப்பாட்டில் இறைச்சி எவ்வளவு, கடை வாடகை எவ்வளவு, எங்கள் மணித்தியாலம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வோம். நாங்கள் முன்பு வேலை செய்த ஒரு இடத்தில் 'விசேட கறி' என்று ஒன்று பட்டியலில் இருந்தது. அது எங்களில் ஒருவரின் தாயின் கைப்பக்குவம். ஒருநாள் ஊழியர் சாப்பாட்டுக்கென்று வைத்ததை முதலாளி ருசிபார்த்துவிட்டுப் பட்டியலில் ஏற்றினார். நன்றாக ஓடியது. நாங்கள் அந்த இடத்தை விட்டு வந்த பிறகும் ஓடுகிறது. அம்மாவின் கறியின் மூலப்பதிவு இப்போது யாரிடம்? திருடினார் என்று சொல்ல வரவில்லை. நாங்கள்தான் சிரித்துக்கொண்டு செய்முறையை எழுதிக் கொடுத்தோம். கேட்கவேண்டும் என்பதே அன்று தெரியாமலிருந்தது. எர்மியாஸிடம் இருந்தது, எங்களிடம் இல்லாதது, இதுதான் போலும். தன் கையால் வந்த பொருளைக் கொடுக்கும்போது, உறுதி யார் பெயரில் என்று கேட்கத் தெரிந்திருந்தது.

2018 பெப்ரவரி 16இல் 'விக்ரறி லாப்' வெளிவந்தது. இம்முறை அத்லாந்திக் என்ற பெரிய கம்பனியோடு. ஆனால் தனது நிறுவனத்தைப் பங்காளியாக நிறுத்திக்கொண்டு. தெருவில் தொகுப்புகள் விற்கத் தொடங்கிப் பதின்மூன்று வருடத்தின் பின் முதலாவது முழு அல்பம். அந்த வருடத்துச் சிறந்த றாப் அல்பத்துக்கான கிராமி விருதுக்கு அது முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. அவர் இறந்த பிறகு, 2020இல், வேறு பாடல்களுக்காக இரண்டு கிராமி கொடுத்தார்கள். செத்தவனுக்கு மாலை போடும் பழக்கம் எங்கும் ஒன்றுதான்.

*

ஸ்லோசன் சந்தியில் ஒரு சிறு கடைத்தொகுதி. அதன் வாகனத் தரிப்பிடத்தில்தான் எர்மியாஸும் அண்ணன் சமியெலும் இளவயதில் ரீசேட்டும் குறுந்தட்டும் விற்றார்கள். பொலிஸ் வந்து கலைக்கும். திரும்பவும் வருவார்கள். பிறகு அங்கேயே ஒரு கடையை வாடகைக்கு எடுத்தார்கள். 2017 ஜூனில் அது 'த மரதன் குளோதிங்' என்ற உடுப்புக்கடையாகியது. 2019இன் தொடக்கத்தில், டேவிட் குரொஸ் என்ற முதலீட்டாளரோடு சேர்ந்து அந்தக் கடைத்தொகுதி முழுவதையும் விலைக்கே வாங்கினார்கள். கலைக்கப்பட்ட இடம் சொந்தமாகியது.

2019 மார்ச் 31. இருபது வருடத்துக்கு மேல் சிறையிலிருந்து வெளியே வந்த ஒரு பழைய தெரிந்தவருக்கு நல்ல உடுப்பு இல்லை. கடையில் எடுத்துக் கொடுப்பதற்காக எர்மியாஸ் அங்கே வந்திருந்தார். அதே தெருவில் வளர்ந்த, அதே குழுவைச் சேர்ந்த ஒருவன் வந்து கதைத்தான்; போனான்; திரும்பி வந்து சுட்டான். உடுப்பு எடுக்க வந்தவருக்கும் காயம். சில நாளில் அவரையும் பிடித்து அடைத்தார்கள், பரோலில் இருக்கும்போது குழு ஆட்களோடு நின்ற குற்றத்துக்காக! பெரும் எதிர்ப்பு எழுந்தபின்தான் விட்டார்கள். சுட்டவனுக்கு 2023 பெப்ரவரியில் குறைந்தது 60 வருடச் சிறை விதிக்கப்பட்டது. இன்னொரு வீட்டுப் பிள்ளை.

மறுநாள், ஏப்ரல் 1இல், குழு வன்முறையைக் குறைப்பது பற்றி நகரப் பொலிஸ் அதிகாரிகளோடு எர்மியாஸின் தரப்பு சந்திப்பதாக இருந்தது. நாங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அந்தத் திங்கட்கிழமை. ஏப்ரல் 11இல் அவருடைய உடல் நகரத்துக்குள் இருபத்தைந்து மைல் ஊர்வலமாகப் போனது. ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்த குழுக்களின் ஆட்கள் அந்த வாரங்களில் ஒன்றாக நடந்தார்கள். பிறகு அந்தச் சந்திக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள்.

சொத்துரிமை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த முடிவை யோசிக்கவேண்டும். கட்டடத்தை வாங்கலாம். அதைச் சுற்றி ஐம்பது வருடமாகச் சேர்ந்த கோபத்தை ஒருவன் தனியே வாங்கித் தீர்க்க முடியாது. அவர் ஓடிப் போயிருக்கலாம், பணமிருந்தது. போகவில்லை. அது பலமா பிழையா என்று எங்கள் மூவருக்குள்ளும் இன்னும் ஒருமித்த கருத்தில்லை.

*

ஒருநாள் இரவு, கடைசிக் கோப்பைகளும் முடிந்த பிறகு, எரித்திரிய நண்பரிடம் ஒரு கேள்வி கேட்டோம்.

"பதினைந்து வயதில, அந்தக் குழுவில நிண்டபோதும் அவன் உங்கட பெடியனோ?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மெசினின் வடியைக் கழற்றிக் கழுவினார். பிறகு சொன்னார்: "இல்லை. அப்ப எண்டால் எங்கட ஆக்கள் கதவைப் பூட்டியிருப்பினம்."

இந்தப் பதிலுக்காகவே அவரை எங்களுக்குப் பிடிக்கும். எம்மவர்கள் எப்படி? ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸ் லாசப்பலிலும் 1990களிலும் 2000களிலும் எங்கள் பெடியள் குழுக்குழுவாகப் பிரிந்து வாளாலும் துவக்காலும் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்தார்களே, அவர்களை யாருடைய பிள்ளைகள் என்றோம்? 'காவாலிகள்' என்றோம். தாய்மார் கோயிலுக்கு வந்தால் விலகி நின்றோம். தகப்பன் இரண்டு வேலைக்குப் போய் இரவு ஒரு மணிக்கு வரும் வீட்டில் அந்தப் பிள்ளை யாரோடு வளர்ந்தான் என்று கேட்கவில்லை. டொக்டராக வந்தவனை 'எங்கட பிள்ளை' என்று மலரில் படம் போட்டோம். அந்தக் குழுக்களுக்குள்ளும் ஒரு எர்மியாஸ் இருந்திருக்கலாம். பாட்டு எழுதியிருக்கலாம், கடை போட்டிருக்கலாம். யாருக்குத் தெரியும்? எர்மியாஸுக்கு ஒரு பாட்டி இருந்தாள், கூடவே நின்ற அண்ணன் இருந்தான், தன் நாட்டைக் காட்டக் கூட்டிப்போன தகப்பன் இருந்தார், வழி விட்டுப்போன மூத்த பாடகர்கள் இருந்தார்கள். கஷ்டம் எல்லாருக்கும் இருந்தது. இவை எல்லாருக்கும் இருக்கவில்லை.

எங்களில் மூத்தவரின் மகனுக்கு இப்போது 14 வயது. சுவிஸ் டொச்சில் றாப் எழுதுகிறான், இடையிடையே தமிழ்ச் சொல்லும் வருகிறது. தகப்பன் முன்பு 'படிக்கிற வேலையைப் பார்' என்று அதட்டிவிட்டுப் படுப்பவர். அண்மையில் ஒரு லீவு நாள், முதல் தடவையாக, 'போடு பார்ப்பம்' என்றார். பாதி விளங்கவில்லையாம். இரவில் வீட்டுக்கு வரும் ஒருவரின் ஜக்கெற்றில் பொரித்த எண்ணெய் மணக்கிறது என்று வரும் இடம் மட்டும் நன்றாக விளங்கியதாம். எங்களிடம் சொல்லும்போது பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடிக்கவில்லை.

ஒலிவாங்கி வாங்க அறுபது பிராங் கேட்டிருக்கிறான். நாங்கள் நாலு பேரும் பதினைந்து பதினைந்து போட்டோம், எரித்திரிய நண்பரும் சேர்த்தி. பங்கு ஒன்றும் வேண்டாம், பாட்டு உன்னுடையது, ஆருக்கும் எழுதிக் கொடுக்கமுதல் எங்களைக் கேள் என்று தகப்பனிடம் சொல்லி அனுப்பினோம். அறை எதிரொலிக்கிறதென்று அவன் உடுப்பு அலுமாரிக்குள் நின்று பதிவு செய்கிறானாம். தகப்பனின் வேலை ஜக்கெற்றும் அதற்குள்தான் தொங்குகிறது.